இல்லம், முகப்பு, மனை

எங்கள் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றிய அன்று மத்தியானமே எங்கள் வீடு இல்லமாகிவிட்டது.

வீடென்றால் என்ன, இல்லமென்றால் என்ன, இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பீர்கள். ரசத்துக்குத் தாளித்துவிட்டுக் கரண்டியோடு கூடத்துக்கு வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சோபா இருந்த இடத்திலிருந்து பின்கட்டு வரைக்கும் கூடம் நீண்டு கிடந்தது, இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள் வரிசையாக நின்றன, கட்டிலுக்குக் கட்டில் நீலக் கோடு போட்ட போர்வை மடித்து வைத்திருந்தது, எங்கள் கல்யாணப் போட்டோ மாட்டியிருந்த ஆணியில் 'சத்தமாகப் பேசாதீர்கள்' என்று ஒரு பலகை தொங்கியது, வாசலில் கோயில் மணி அளவுக்கு ஒரு சாப்பாட்டு மணி. இத்தனைக்கும் நடுவே என் வீட்டுக்காரர் பவுன்ராஜ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஏ சுருளி, வந்து பாரேன், எம்புட்டு வேகமாத் தொறக்குதுன்னு!" என்று கூப்பிட்டார். அவர் பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இவர் போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ்ஸையும் கூடுதலாக ஒரு நிமிசம் நிற்க விடாமல் விசிலடித்து விசிலடித்தே ஆயுசைக் கழித்த மனுசனுக்கு, ஓய்வுக்கு அப்புறமும் எதுவும் ஓரிடத்தில் நின்றால் பொறுக்காது. எங்கள் மகள் அபிநயா காலேஜில் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டரில்தான், பஸ் நேரம் சரியில்லை என்று கலெக்டருக்கும் பத்திரிகைகளுக்கும் மனு டைப் அடிப்பார். மாசி மாதம் ஒருநாள் அந்தப் பெட்டி, தனக்கு வயசாகிவிட்டது, புதியது தன்மேல் ஏறாது, பழையதற்கு இனி யாரும் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டது. வேறு வாங்க இவருக்கு மனமில்லை. முக்கு வீட்டு ஞானதுரை சார், மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர், லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பழைய பெட்டியிலும் ஓடும், அதில் பல வகை உண்டு, வகைக்கு டிஸ்ட்ரோ என்று பேர், புதிதாக வருகிறவர்களுக்குப் பெலிக்கன்தான் பொருத்தம், அது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும் என்று சொல்லி, பென் டிரைவில் போட்டும் கொடுத்தார். ஏற்றும்போது பெலிக்கன் எந்த மொழி என்று கேட்டது. இவர் தமிழ் என்று அமுக்கினார். இருப்பதையெல்லாம் அழித்துவிடவா என்று கேட்டது. இவர் அதற்கும் ஆமாம் என்று அமுக்கினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லினக்ஸில் நம்முடைய சாமான்களை வைத்துக்கொள்ள ஓரிடம் உண்டாம், இங்கிலீசில் அதற்கு ஹோம் என்று பேராம். பழைய கம்ப்யூட்டர் முழுக்க இங்கிலீசில் இருந்ததால், யாரோ யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்று எங்கள் வீடு தன் பாட்டுக்கு இருந்தது. பெலிக்கனில் அந்த இடத்துக்கு 'இல்லம்' என்று தமிழில் எழுதியிருந்தது. நம்மைத்தான் சொல்கிறார்கள் என்று வீட்டுக்குப் புரிந்துவிட்டது, சொன்னபடி கேட்டுவிட்டது. நான் சொல்லி, இவர் சொல்லி, கொத்தனார் சொல்லி ஒழுகுவதை நிறுத்தாத வீடு அது.

தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. எதிர்வீட்டுப் பாக்கியக்கா எட்டிப் பார்த்து, "கட்டிலெல்லாம் நல்ல கனமாத்தான் இருக்கு, எங்க எடுத்தது?" என்று கேட்டாள். மறுவாரம் எங்கள் காலனியில் யார் வீட்டிலோ பிள்ளைக்குப் பிறந்தநாள். இல்லம் பக்கத்திலேயே இருக்கும்போது அன்னதானத்துக்கு எதற்குத் தேனி வரைக்கும் போக வேண்டும் என்று, வடை பாயசத்தோடு அண்டாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து மணியை அடித்தார்கள். நானும் இவரும் ஆளுக்கொரு தட்டோடு தரையில் உட்கார்ந்தோம். உட்காராமல் இருக்க முடியவில்லை, மணி அடித்தால் கால் தானாக மடிந்தது. அந்தப் பிள்ளை தன் கையால் ஒரு கரண்டி சாம்பார் சாதம் வைக்க, அதன் அப்பா போட்டோ எடுக்க, "நல்லா இருப்பா சாமி" என்று நான் வாழ்த்த வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நினைவு நாள், கல்யாண நாள், பரீட்சையில் பாஸான நாள் என்று ஒன்று விடாமல் வந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வயசானவர்கள் சிலபேர் வந்து, வார்டன் யார் என்று கேட்டு, என் முகத்தைப் பார்த்து நான்தான் என்று முடிவுகட்டி, ஆளுக்கொரு கட்டிலில் படுத்தார்கள். என் அடுப்படியில் எனக்குப் பிடித்த ஒரு புளிக்குழம்பு வைக்க வழியில்லாமல், யார் யார் வீட்டுச் சந்தோசத்தையோ நாள்தோறும் தின்றுகொண்டிருந்தேன்.

பங்குனியில் திருப்பூரிலிருந்து அபிநயா போன் செய்து, தான் உண்டாகியிருப்பதைச் சொன்னாள். தலைப்பிரசவம் பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டில்தான். ஆவணி பிறந்ததும் வளைகாப்பைப் போட்டு நாங்கள் கூட்டி வரவேண்டும். சம்பந்தியம்மா தங்கமான மனுசிதான், ஆனால் அவள் கண் எல்லா இடத்திலும் மேயும். "எட வசதி இல்லைன்னா சொல்லிருங்க மதினி, இங்கயே பாத்துக்கிருவோம், பெரிய ஆஸ்பத்திரி கூப்புடு தூரத்துல இருக்கு" என்று அன்றைக்கே அடித்தளம் போட்டு வைத்தாள். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. கட்டிக்கொடுத்த பிறகு அவள் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் என்னோடு இருந்ததில்லை. இந்தப் பிரசவத்துக்கு வந்து தங்கினால்தான் உண்டு, இதை விட்டால் அவள் எனக்குத் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வந்துபோகும் விருந்தாளிதான் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவளை இந்தக் கட்டில் வரிசையில், அண்டாச் சாப்பாட்டில், மணி அடித்தால் கால் மடியும் வீட்டில் எப்படிப் படுக்கவைப்பேன்?

"பழசையே திரும்பப் போடுங்க" என்றேன்.

"பழசு எங்க இருக்கு? அழிச்சாச்சுல்ல."

"யாரக் கேட்டு அழிச்சீங்க?"

"அது கேட்டுச்சு, நான் சரின்னேன்" என்றார், ரொம்ப மரியாதையான ஆளிடம் பேசி முடித்தவர் மாதிரி.

இங்கிலீசுக்காவது மாற்றித் தொலையுங்கள் என்றேன். மாற்றினார். ஒரு கட்டில்கூட அசையவில்லை. தன்னைத் தமிழில் கூப்பிட்டுக் கேட்டுவிட்ட வீடு அதற்கப்புறம் இங்கிலீசுக்கு மசியவில்லை.

அப்போதுதான் பக்கத்து மாடி வீட்டுத் தினகரன் உள்ளே நுழைந்தான். பெங்களூர்க் கம்பெனி வேலையைப் போடியில் இருந்தபடியே பார்க்கிறவன். பெலிக்கன் என்ற பேரைக் கேட்டதும் வேப்பங்கொட்டையைக் கடித்தவன் மாதிரி முகத்தைச் சுளித்தான்.

"அண்ணே, பெலிக்கனெல்லாம் சின்னப் பிள்ளைக ஓட்டுற மூணு சக்கர சைக்கிள்ணே. மயூரா போடுங்க. பாத்தாலே கண்ணுல ஒத்திக்கலாம்."

இது எப்படித்தான் முக்கு வரைக்கும் கேட்டதோ, ஞானதுரை சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "அழக வச்சு என்னப்பா பண்றது? பெலிக்கன் ஒருநாள் மக்கர் பண்ணிருக்கா?"

"அதுல உள்ளதெல்லாம் பழைய சரக்கு சார்."

"பழசில்லப்பா, சோதிச்சது! சோதிச்சது!"

"சோதிச்சு முடிக்கிறதுக்குள்ள உலகமே மாறிருது சார்."

நான் நடுவில் புகுந்து, இரண்டில் எதைப் போட்டால் என் சோபா திரும்ப வரும் என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "அது உங்க தேவையப் பொறுத்தது" என்றார்கள். அந்த ஒரு விசயத்தில் மட்டும் அவர்களுக்குள் சண்டை இல்லை. என் தேவை சோபா என்றேன். அது யார் காதிலும் ஏறவில்லை. அதற்குள் தெரு இரண்டாகப் பிரிந்து, கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத இஸ்திரிக் கடைக்காரர்வரைக்கும் நீ பெலிக்கனா மயூராவா என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

சித்திரையில் மயூரா ஏறியது. அழித்துவிடவா என்று கேட்டது, ஆமாம் என்று அமுக்கினார். மயூராவில் அந்த இடத்துக்கு 'முகப்பு' என்று எழுதியிருந்தது.

முகப்பென்றால் முகப்புத்தான். புது பெயின்ட், இரண்டு பக்கமும் பூவேலை செய்த தூண், மயில் வைத்த கம்பிக் கேட், தேக்குக் கதவு, அதில் பித்தளைக் கைப்பிடி. அந்தக் கைப்பிடியைத் திருகி உள்ளே காலை வைத்தால் பின்பக்கச் சந்தில் முருங்கை மரத்தடியில் நின்றோம். நடுவில் ஒன்றும் கிடையாது. பீரோ, கிரைண்டர், அரிசி டிரம், கம்ப்யூட்டர் எல்லாம் சந்தில் கிடந்தன. இல்லத்துக்கு வந்திருந்த வயசானவர்கள் ஒரு வார்த்தை வையாமல் பையைத் தூக்கிக்கொண்டு தேனி பஸ்ஸுக்குப் போனார்கள், அவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்போல இருந்தது.

"இப்பத்தான்டி வீடு வீடா இருக்கு" என்றாள் பாக்கியக்கா. தெருவே அதைத்தான் சொன்னது. நடைப்பயிற்சி போகிறவர்கள் எங்கள் கேட் முன்னால் நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போனார்கள், கல்யாண போட்டோ எடுக்கிறவர்கள் சாயங்கால வெயிலில் ஜோடி ஜோடியாகக் கொண்டுவந்து தூணில் சாய்த்தார்கள், வீட்டு வரிக்காரர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு வரியை ஏற்றிவிட்டுப் போனார். உள்ளே ஒன்றுமே இல்லையே ஐயா என்று கதவைத் திறந்து காட்டினேன். அவர் சந்துக்குள் நடந்து போய்க் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்றார். நான் மூன்று கல்லைக் கூட்டி, முருங்கை மரத்தடியில் உலை வைத்தேன். இவர் குடை பிடித்துக்கொண்டு மயூராவின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் மூடும்போது புகை மாதிரி கரைந்து போகுமாம், அதையே மூடித் திறந்து மூடித் திறந்து காட்டினார். பிரிண்டர்தான் வேலை செய்யவில்லை.

யாரோ எடுத்துப் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டுச் சம்பந்தியம்மா கூப்பிட்டாள். "வீட்ட ரொம்ப அழகா எடுத்துக் கட்டிருக்கீக மதினி. நம்ம அபிக்கு எந்த ரூமு?"

எந்த ரூம் என்று சொல்வேன்? முருங்கை மரத்துக்கு வடக்கே என்றா? சிக்னல் கிடைக்கவில்லை என்று போனை வைத்துவிட்டு, இவரைப் பார்த்து எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கரெக்ட் சுருளி, எனக்கும் இந்தப் பிரிண்டர் விசயம் உறுத்திக்கிட்டேதான் இருக்கு" என்றார்.

பிரிண்டருக்குத் தினகரன் சொன்ன மருந்து கிரானைட். "அது வெறுந்தரை மாதிரிண்ணே. ஒண்ணுமே இருக்காது. நமக்கு என்ன வேணுமோ நாமளே ஒண்ணொண்ணா கட்டிக்கிறணும். அதுலதான் சொகம்." இதைக் கேட்டதும் இவருக்குக் கண் மின்னியது. நான் அரிசி கழுவி வருவதற்குள் அழித்துவிடவா, ஆமாம் என்று எல்லாம் முடிந்திருந்தது.

கிரானைட்டில் 'மனை' என்று எழுதியிருந்தது.

நான்கு மூலையிலும் வெள்ளையடித்த கல், நடுவில் நெருஞ்சி முளைத்த தரை, ஒரு குச்சியில் சிவப்புத் துணி. முருங்கை மரத்தைக்கூடக் காணோம். நடுவில் மேஜை போட்டு, பாக்கியக்கா வீட்டு ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, இவர் உட்கார்ந்திருந்தார். ஆடி பிறந்தது. மலையிலிருந்து இறங்குகிற எங்கள் ஊர்க் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்கு என்ன சொன்னாலும் விளங்காது; அது சேலையை இழுக்கும், ஆளை இழுக்கும், நாம் போட்ட தார்ப்பாயைக் கொண்டுபோய் அடுத்த தெரு டவரில் மாட்டிவிட்டு அங்கிருந்து சிரிக்கும். சாரல் வேறு. மேஜைக்கு மேலே மட்டும் நாலு கம்பு நட்டு ஓலை வேய்ந்துகொண்டார் இந்த மனுசன், பெண்டாட்டிக்கு ஒரு குடைகூட இல்லை. இரவில் பாக்கியக்கா வீட்டு நடையில் பாய் விரித்துப் படுத்தேன்.

மனையையும் தெரு ஜீரணித்துவிட்டது. காலையில் இரண்டு கார் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் குறுக்குவழி கிடைத்தது. கிழக்குப் பார்த்த மனை, தண்ணீர் நல்ல தண்ணீர் என்று புரோக்கர்கள் ஆட்களைக் கூட்டி வந்து, என்னையும் இவரையும் சுற்றி நடந்து அளந்து காட்டினார்கள். எப்போது வாஸ்து பூஜை என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். இவரோ கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைத் தட்டிக்கொண்டு கிடந்தார். கிரானைட் குழுவில் ஏதாவது சந்தேகம் கேட்டால், முதலில் கையேட்டைப் படித்துவிட்டு வா என்று விரட்டினார்களாம், அதிலும் இவருக்கு ஒரு பெருமை. ஒருநாள் காற்றோடு காற்றாகப் பழைய பாட்டு ஒன்று கேட்டது. "சுருளி! சத்தம் வர வச்சுட்டேன்!" என்று நாற்காலியிலிருந்து எழுந்து துள்ளினார். பாட்டு வராத கம்ப்யூட்டரில் பாட்டு வரவைத்ததற்கு, சுவரில்லாத வீட்டில் நின்று நான் கைதட்ட வேண்டுமென்று எதிர்பார்த்தார்.

வளைகாப்புக்கு ஒரு வாரம் இருந்தது. பிரிண்டர் இன்னும் வேலை செய்யவில்லை. "ஆலான்னு புதுசா ஒண்ணு வந்துருக்காம்" என்று இவர் பேச்சை எடுத்தார். நான் பென் டிரைவைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, நேராக மாடி வீட்டுக்குப் போய்த் தினகரனைக் கையோடு இழுத்து வந்து மனையில் நிறுத்தினேன்.

"இந்தா, இந்த வார்த்தைய எவன் எழுதுறான்? இல்லம்ங்குறான், முகப்புங்குறான், மனைங்குறான். எவன் அவன்? ஆளக் காட்டு, நான் கேட்டுக்கிறேன்."

"அப்படித் தனி ஆள் கெடையாதுக்கா. யாராச்சும் தன்னார்வத்துல மொழிபெயர்த்துக் குடுப்பாங்க. சம்பளமெல்லாம் இல்ல. சரியில்லைன்னா நீங்களே மாத்திக்கலாம்."

"நானே மாத்தலாமா?"

"யார் வேணாலும் மாத்தலாம். அதான லினக்ஸோட சுதந்திரமே."

"ஒரு வார்த்தைய மாத்தினாப் போதுமா? அழிக்க வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம்?"

"வேண்டாம்க்கா. ஒரு வரிதான்."

எனக்கு உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால்வரை எரிந்தது. "பாவி, சித்திரைல இருந்து நான் சந்துல சமைக்கிறேன், நடுத்தெருவுல கெடக்கேன், இத மொதல்லயே சொன்னா என்னடா?"

"நீங்க எது நல்ல டிஸ்ட்ரோன்னுதானக்கா கேட்டீங்க" என்றான். அவன் முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

என்ன வார்த்தை போடுவது என்று கேட்டதுதான் தாமதம், தெருவே மனைக்குள் வந்து நின்றுவிட்டது. இவர் 'மாளிகை' என்றார். கூட்டிப் பெருக்குவது யார் என்று கேட்டேன். இஸ்திரிக் கடைக்காரர் 'பங்களா' என்றார். பங்களாவென்றால் பேய் வரும் என்று பாக்கியக்கா ஒரே அடியாக மறுத்துவிட்டு, "எதுக்கு இம்புட்டு ஆராய்ச்சி? வீடுன்னு போட்டா முடிஞ்சது" என்றாள். எல்லோரும் அதுதானே என்றார்கள். ஞானதுரை சார் மட்டும் கையைத் தூக்கினார்.

"சூதானம்மா. வீடுன்னா மோட்சம்னும் ஒரு அர்த்தம் இருக்கு. வீடுபேறுன்னு படிச்சிருக்கோம்ல? இந்த வீடு எதச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்குது. இது பாட்டுக்கு உங்க ரெண்டு பேருக்கும் வீடுபேறு குடுத்துருச்சுன்னா?"

இவர் விரலை விசைப்பலகையில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வயிற்றுப் பிள்ளைக்காரியை வரவேற்க நாங்கள் இரண்டு பேரும் மோட்சத்தில் உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? 'அகம்' என்று போடலாமென்றால் சார் அதற்கும் உள்ளம் என்று ஒரு பொருள் சொன்னார். 'குடி' என்று யாரோ சொல்ல, பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவரை வெளியே தள்ளினார்கள்.

எனக்கு வெறுத்துவிட்டது. இருந்து அனுபவிக்கப் போகிறவளையே கேட்டுவிடலாம் என்று அபிநயாவுக்குப் போன் போட்டேன்.

"ஏத்தா, நீ வீட்ட எப்படிச் சொல்லுவ?"

"எந்த வீட்டம்மா? எங்க வீட்டையா, உங்க வீட்டையா?"

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டாள், அடுத்து முறுக்குச் சுற்றிக் கொண்டுவரச் சொல்லிப் பேசிக்கொண்டே போனாள். யோசித்துச் சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். திருப்பூர் வீடு எங்க வீடு, போடி வீடு உங்க வீடு. நான் பெற்று, இந்தத் தரையில் தவழவிட்டு, இந்த வாசலில் பூப்பு நீராட்டிய பிள்ளை. சம்பந்தியம்மா ஜெயித்துவிட்டாள் என்று தோன்றியது, இந்தக் கம்ப்யூட்டரும் ஜெயித்துவிட்டது என்று தோன்றியது. சிவப்புத் துணி கட்டிய குச்சிப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

இவர் பின்னாலேயே வந்தார். "என்ன போட, சுருளி? நீ சொல்லு. நீ சொல்றதப் போடுறேன்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் இவர் விசிலை என் கையில் கொடுத்தது அன்றைக்குத்தான்.

'எங்க வீடு' என்று போடச் சொல்ல வாயெடுத்தேன். எங்க என்றால் அதில் இவரும் நானும் மட்டும்தான் இருப்போம். கேட்கிறவளுக்கு அதில் இடமில்லை. அவள் வந்து வாசலில் நிற்பாள், வா என்று நாங்கள் கூப்பிட வேண்டும்.

"நம்ம வீடுன்னு போடுங்க."

தினகரன் பதறிப் போனான். "அக்கா, கொஞ்சம் யோசிங்க. நம்மன்னா கேக்குறவங்களும் சேத்தி. இந்தத் தெருவே கேட்டுக்கிட்டு நிக்குது."

"நிக்கட்டும்டா" என்றேன். இவர் தட்டினார்.

வீடு திரும்ப வந்தது. சோபா வந்தது, ஒழுகுகிற மூலை ஒழுகிக்கொண்டே வந்தது, கல்யாணப் போட்டோ ஆணியில் வந்து உட்கார்ந்தது. நான் கதவைத் தடவிப் பார்த்தபோது தாழ்ப்பாள் இல்லை. சுற்றிலும் பார்த்தேன், கேட்டுக்கொண்டு நின்ற அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்கள், யாரும் வரலாமா என்று கேட்கவில்லை, அவரவர் வீட்டுக்குள் போக யார் கேட்பார்கள்? அன்றிலிருந்து பாக்கியக்கா இட்லி மாவை எங்கள் பிரிட்ஜில்தான் வைத்தாள். இஸ்திரிக் கடைக்காரர் மத்தியானம் எங்கள் பேனுக்குக் கீழே தூங்கினார். ஞானதுரை சார் செய்தி பார்க்கிற நேரத்தில் நான் சீரியல் பார்க்க முடியாது. காலையில் குளிக்கப் போனால் உள்ளே யாரோ பாடுவார்கள், யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் கத்தினேன், கதவைப் பிடித்துத் தள்ளினேன், எல்லோரும் வீட்டில் பெரியவள் கத்தினால் கேட்டுக்கொள்வது மாதிரி கேட்டுக்கொண்டு, டீ கொதித்துவிட்டதா என்றார்கள். வார்த்தையை மாற்றிவிடலாம் என்று இவர் எத்தனையோ முறை சொன்னார். நான் வேண்டாமென்றேன்.

அபிநயா வந்தாள். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நிற்கவில்லை, நேரே போய் பிரிட்ஜைத் திறந்தாள். புரட்டாசியில் பெண் பிறந்தது. வலி எடுத்தபோது ஆட்டோவுக்கு ஒருத்தர், ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர், வெந்நீருக்கு ஒருத்தர் என்று யாரும் சொல்லாமலே கிளம்பினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த அன்று, யார் முதலில் குளிப்பாட்டுவது என்று பாக்கியக்காவும் தினகரனின் அம்மாவும் போட்ட சண்டையில் எனக்கு மண்டை வலி வந்தது.

தை பிறந்ததும் சம்பந்தியம்மா அழைத்துப்போக வந்தாள். அந்த நாள் வரும் என்று தெரிந்துதான் இருந்தது, இருந்தாலும் காலையிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. எங்கள் அடுப்படிக்குள் அதுவரை கால் வைத்திராதவள், வந்த வேகத்தில் உள்ளே போய், சீனி டப்பாவைத் தேடித் தடவாமல் எடுத்து, தானே காபி கலக்கிக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள்.

"அபி, புதன்கிழமை நாள் நல்லா இருக்கு. நம்ம வீட்டுக்குக் கெளம்புவமா?"

அபிநயா கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி, விளங்காதவள் மாதிரி மாமியாரைப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுலதான அத்தை இருக்கோம்?"

சம்பந்தியம்மா ஒழுகுகிற மூலையைப் பார்த்தாள், தூங்குகிற இஸ்திரிக் கடைக்காரரைப் பார்த்தாள், கல்யாணப் போட்டோவைப் பார்த்தாள். "ஆமாத்தா, இருக்கோம்ல" என்று சொல்லிவிட்டு, காபியைக் கீழே வைத்து, கொண்டுவந்த பெட்டியைத் திறந்து தன் சேலைகளை எடுத்து என் பீரோவில் அடுக்கப் போனாள்.

ஒரு மூலையில் போய் நின்று அழுதுவிட்டு வரலாம் என்று அடுப்படிக்குப் போனேன், அங்கே பாக்கியக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியில் தினகரன் பெங்களூரோடு பேசிக்கொண்டிருந்தான். என் கட்டிலில் ஞானதுரை சார் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். அழ ஒரு சாண் இடம் இல்லாத வீட்டுக்காக நானா இத்தனை பாடுபட்டேன் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூடத்துக்கே திரும்பி வந்து, அத்தனை பேரும் பார்க்க, மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"அம்மா, அங்கிட்டுத் தள்ளி அழு" என்றாள் அபிநயா. "பிள்ள மேல சொட்டுது."